கணவாய்ப் படகு கடலுக்குப் போகலாமா?

கணவாயைக் கறிக்குத் துப்புரவு செய்யும்போது அதன் கழுத்தடியில் சிறு குழாய் ஒன்று இருப்பதை நம் தாய்மார் கண்டிருப்பர். சமையலில் அதற்கு மதிப்பில்லை. கடலிலோ அதுவே கணவாயின் உயிர்க்காவல். உடலினுள் நீரை நிரப்பி, அந்நீரைக் குழாய் வழியே விசையுடன் பீச்சியடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து, பெருமீனின் வாயிலிருந்து அது தப்பிவிடுகிறது. செதிலையும் துடுப்பையும் நம்பி வாழும் மீன்களுக்கு நடுவே, நீரைக்கொண்டே நீரில் ஓடும் வித்தையைக் கற்ற பிராணி அது.

தாக்கமும் மறுதாக்கமும் சமமும் எதிருமானவை என்று நியூட்டனின் மூன்றாம் விதியை மனனம் செய்யும் மாணவர்கள், அவ்விதியைக் கணவாய் எந்தப் பள்ளிக்கூடமும் போகாமலே கைக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. அதே விதியின்மேல் மனிதன் கட்டிய வாகனங்களுள் ஒன்றே ஜெட் படகு. ஆற்றுக்கெனப் பிறந்த அப்படகை இன்று அமெரிக்காவின் மேற்குக் கரையிலே சிலர் பசுபிக் சமுத்திரத்துக்குள் செலுத்திச் சென்று, கரையோரமாக மீன் பிடித்து மீள்கின்றனர். ஆற்றுப் படகு கடலுக்குப் போகலாமா? போனால் எந்த நிபந்தனைகளின் பேரில் போகலாம்? இவ்வாரம் இக்கேள்வியை ஆராய்வோம். விடையிலே பௌதிகமும் உண்டு, இரசாயனமும் உண்டு. இவை இரண்டினும் பெரிதாக, வீட்டிலே காத்திருப்பவர்களின் பங்கும் உண்டு.

கூழாங்கல் ஆறுகளின் குழந்தை

நியூசிலாந்தின் தென்தீவிலே, பனிமலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் சமவெளியை அடைந்ததும் பல கிளைகளாகப் பிரிந்து, பின்னிய கூந்தல் போலக் கூழாங்கற்களின்மேல் ஓடுகின்றன. பல இடங்களிலே முழங்காலளவு நீர்கூட இராது. ஆனால் வேகம் மிகுதி. சாதாரண மோட்டார்ப் படகின் சுழல்விசிறி அங்கே முதற் கல்லிலேயே நொறுங்கிவிடும். இவ்வாறுகளை வெல்ல விரும்பியவர் வில்லியம் ஹமில்ரன் என்பவர். 1899இல் பிறந்த அவர், ஐரிஷ்மன் கிறீக் என்னும் தமது ஆட்டுப் பண்ணையிலே பட்டறை அமைத்து, பண்ணைக்கு வேண்டிய இயந்திரங்களைத் தாமே செய்துகொண்ட பொறியியல் வல்லுநர்.

நீரைப் பீச்சிப் படகை ஓட்டலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்னரும் பலருக்கு இருந்தது. 1950களின் தொடக்கத்திலே, படகின் அடியிலிருந்து நீருக்குள்ளேயே தாரையைச் செலுத்தும் ஒருவகைப் பொறியை ஹமில்ரன் பரீட்சித்தார். படகு ஓடியது, வேகந்தான் வரவில்லை. நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த உறுப்புக்களே இழுவையை உண்டாக்குகின்றன என்று கண்ட அவர், தாரை வெளிப்படும் வாயைப் படகின் பின்பலகையில் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தார். மாற்றம் சிறிது; பயனோ பெரிது. அதன் பின்னர் படகின் அடியிலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. விரைந்தோடும் வேளையிலே, ஒரு சாண் ஆழம்கூட இல்லாத நீரின்மேலும் அது வழுக்கிச் சென்றது.

படகின் உள்ளே நடப்பதை எளிதாகவே விளக்கலாம். அடித்தளத்திலே கம்பிச் சட்டத்தால் மூடிய ஒரு வாய் உண்டு. உள்ளிருக்கும் இயந்திரம் ஒரு சுழலியைச் சுழற்ற, அது அவ்வாய் வழியே நீரை உறிஞ்சுகின்றது. சுழன்று குழம்பிய நீரை நிலையான தகடுகள் நேராக்குகின்றன. பின்பு ஒடுங்கிய குழாய்வாய் வழியே நீர் பெருவிசையுடன் பின்னோக்கிப் பாய, படகு முன்னோக்கிப் பாய்கின்றது. சுக்கான் இல்லை, குழாய்வாயை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும். பின்னோக்கிச் செல்லவேண்டின், வாளிபோன்ற ஒரு மூடி இறங்கித் தாரையை முன்புறமாகத் திருப்பிவிடும். ஓடிவரும் படகைத் தன் நீளத்தைப்போல் ஓரிரு மடங்கு தூரத்துக்குள் நிறுத்திவிடவும் அம்மூடி உதவும்.

1960இல் ஹமில்ரனின் படகுகள் அமெரிக்காவின் கொலறாடோ ஆற்றிலே, கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடந்தன. 1977இலே, எவரெஸ்ற் சிகரத்தை முதலில் மிதித்த இருவருள் ஒருவராகிய எட்மண்ட் ஹிலறி, மூன்று ஜெட் படகுகளுடன் வங்காள விரிகுடாவிலுள்ள கங்காசாகரிலிருந்து புறப்பட்டுக் கங்கையின் வழியே இமயத்தை நோக்கி ஏறினார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சி படகுகளைத் தடுத்தது. அப்பால் நடந்தே சென்றனர். ஹமில்ரன் 1974இல் சேர் பட்டம் பெற்று, 1978இல் காலமானார். இவ்விரு பயணங்களையும் நினைவிற் கொள்க. ஜெட் படகு புகழ் பெற்றதெல்லாம் ஆற்றிலேதான். அதுவும் நீர் குறைந்த இடத்திலேதான்.

றோக் ஆற்றின் வாயில்

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே றோக் என்றோர் ஆறு உண்டு. கிறேற்றர் ஏரியின் அருகே மலைகளிலே தோன்றி, ஏறக்குறைய 215 மைல் ஓடி, கோல்ட் பீச் என்னும் சிறுநகரின் அருகே பசுபிக்கிற் கலக்கின்றது. வீதிகள் இல்லாத அக்காலத்திலே, மேலாற்றுக் குடியேற்றங்களுக்குக் கடிதங்களைப் படகே சுமந்தது. 1895இல் அத்தபாற் படகுச் சேவை தொடங்கிற்று. பின்னர் ஜெட் படகு வந்தபோது அவ்வாற்றிலே தனக்கேற்ற இடத்தைக் கண்டுகொண்டது. கல் நிறைந்த ஓட்டங்களிலே உல்லாசப் பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு அது ஓடலாயிற்று.

ஆற்றங்கரையிலே வாழ்பவனுக்கு ஆற்றுப் படகு ஒன்று போதும் என்றுதான் தோன்றும். ஆனால் முகத்துவாரத்திலே நின்று பார்ப்பவன் கண்ணுக்குக் கடல் தெரிகின்றது. கோடையிலே வடமேற்குக் காற்று கரையோரமாக வீசி மேல்நீரை வெளியே தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அந்நீருடன் ஊட்டச் சத்துக்களும் எழுவதால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுமீனும், சிறுமீனைத் தின்னப் பெருமீனும் வந்து சேர்கின்றன. சின்னூக் என்னும் பெருஞ்சாமன், பாறை மீன் வகைகள், லிங்கொட் என்னும் நீண்ட பல்லுள்ள மீன், டஞ்சினஸ் நண்டு ஆகிய யாவும் கரையிலிருந்து சில மைல்களுக்குள்ளேயே கிடைக்கின்றன. முற்றத்திலே ஜெட் படகு நிற்கிறது; கூப்பிடு தூரத்திலே மீன் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆசை இயல்பே.

ஆசைக்கு ஆதரவாகச் சில நியாயங்களும் உண்டு. ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி இல்லையாதலால் நீரில் விழுந்தவனை அது வெட்டாது. அலுமினியத் தகட்டாலான உடல் பாறையில் உரசினாலும் எளிதில் உடையாது. ஆழமற்ற குடாக்களிலே அஞ்சாமல் நுழையலாம். இயந்திரம் உள்ளே தாழ்வாக அமைந்திருப்பதால் பாரம் அடியிலே நிற்கும். இவையாவும் மெய். ஆயினும் ஒரு கருவியின் நற்குணங்கள் அது பிறந்த இடத்துக்கே முழுதும் உரியவை. இடம் மாறினால் குணம் குற்றமாகவும் மாறும். எங்கெங்கே மாறும் என்பதை அறிந்தவனே அதைக் கடலுக்குக் கொண்டுசெல்லத் தக்கவன்.

வாயிற்படியிலே நிற்கும் ஆபத்து

முதற் சோதனை கடலிலே இல்லை. கடலின் வாயிற்படியிலே இருக்கின்றது. ஆறு சுமந்துவரும் மணலைக் கடல் தடுத்துப் போட, முகத்துவாரத்திலே மணல்மேடு உண்டாகின்றது. ஆழ்கடலிலிருந்து வரும் நெடிய அலை, நீரின் ஆழம் தன் நீளத்திற் பாதிக்குக் குறைந்தவுடன் அடித்தளத்தை உணரத் தொடங்கும். அதன் வேகம் குறையும், அலைக்கும் அலைக்கும் இடைவெளி சுருங்கும், உயரம் கூடும். உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டும்போது அலை தலைகுப்புற உடையும். இத்துடன் வற்று நீரும் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை. கடலை நோக்கி ஓடும் நீரோட்டம் எதிரே வரும் அலையைத் தடுத்து நிறுத்த, அலை சுவர்போல் எழும்பும். காலையிலே பெருக்கின்போது குளம்போல் கிடந்த அதே வாயில், சில மணி நேரத்தின் பின் வற்றின்போது படகைக் கவிழ்க்கும் வாயிலாக மாறிவிடும்.

ஒறிகனின் வட எல்லையிலுள்ள கொலம்பியா ஆற்று வாயில் இதற்குப் பெயர்போனது. 1792 முதல் அவ்வட்டாரத்திலே ஏறக்குறைய 2000 கலங்கள் சேதமடைந்தன என்பர். "பசுபிக்கின் மயானம்" என்ற பட்டம் அதற்கு வாய்த்ததும் இதனாலேயே. இத்தகைய வாயில்களை அமெரிக்கக் கரையோரக் காவற்படை கண்காணிக்கின்றது. கொந்தளிப்பு மிகும்போது, இன்ன நீளத்துக்குக் குறைந்த படகுகள் கடக்கலாகாது என்று தடை பிறப்பிக்கும். தடை நீங்கும்வரை ஆற்றுக்குள்ளே காத்திருப்பது கோழைத்தனம் அன்று. கடற்கலையின் முதற் பாடம்.

சுக்கான் இல்லாத பெருமை சோதனைக்கு உள்ளாவதும் இவ்வாயிலிலேதான். ஜெட் படகிலே நீர் பீச்சப்படும் வரையிலேதான் திசைமாற்றும் சக்தி உண்டு. வேறு படகைச் செலுத்துபவன் ஆபத்தைக் கண்டதும் விசையைக் குறைப்பான். சுக்கான் அப்போதும் சிறிது உதவும். ஜெட் படகிலே விசையை முற்றாகக் குறைத்தவன் திசையையும் இழந்துவிடுகின்றான். அஞ்சும் கை தானாகச் செய்யும் செயலே இங்கே அபாயத்தை அழைக்கின்றது!

திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து வருவதை எண்ணிப் பாருங்கள். படகு அலையின் முதுகிலிருந்து முன்சரிவிலே வழுக்குகின்றது, அணியம் முன்னேயுள்ள பள்ளத்திலே புதைகின்றது, பின்புறம் மேலெழுகின்றது. அடித்தளத்து வாய் நீரை விட்டு வெளிவந்து காற்றை உறிஞ்சுகின்றது. காற்றைப் பீச்சுவதால் விசை எழாது. இயந்திரம் வெறுமனே கதற, படகு திசையற்று அலைக்குக் குறுக்கே திரும்ப, அடுத்த அலை அதைப் பக்கவாட்டிலே புரட்டிவிடும். இதைத் தவிர்க்கும் முறை ஒன்றே. வாயிலுக்கு வெளியே நின்று அலைகளை எண்ணி, பெரிய அலைகளின் வரிசை கடந்ததும், ஓர் அலையின் முதுகிலே ஏறி, அதன் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சமமாக்கி, அதை முந்தாமலும் பின்வரும் அலைக்கு அகப்படாமலும் உள்ளே வருதல் வேண்டும். குதிரையைப் பிடரியில் அமர்ந்தும் ஓட்டமுடியாது, வாலில் தொங்கியும் ஓட்டமுடியாது, முதுகே இருக்கை.

பாசியும் உப்பும்

வெளியே சென்றபின்னும் ஜெட் படகுக்கு எதிரிகள் இல்லாமலில்லை. றோக் ஆற்று வாயிலுக்கு வடமேற்கே கடலினுள் பெரும் பாறைத்தொடர் ஒன்று உண்டு. அப்பாறைகளிலே வேரூன்றி, பல பாக நீளத்துக்கு நீர்மட்டம்வரை வளரும் கெல்ப் என்னும் மாபெரும் கடற்பாசி வகை அடர்ந்து கிடக்கும். ஒரே ஆண்டிலே முளைத்து, 30 மீற்றருக்கும் அதிகமாக வளர்ந்து, குளிர்காலப் புயலிலே அறுந்துபோகும் தாவரம் அது. பாறை மீன்கள் அதன் நிழலையே விரும்பும். மீன் எங்கே உண்டோ அங்கேதான் பாசியும் உண்டு. பாசி எங்கே உண்டோ அங்கேதான் ஜெட் படகின் வாய் அடைபடும். மிதக்கும் ஓர் இழை கம்பிச் சட்டத்திலே சுற்றிக்கொண்டாற் போதும். உறிஞ்சும் நீர் குறைந்து படகு சோர்ந்துவிடும். நண்டுக்கூட்டின் கயிறும் அவ்வாறே. ஆகையால் அடைப்பை நீக்கும் மூடியைத் திறந்து, கையாலே பாசியை அகற்றும் வித்தையைக் கரையிலேயே பழகியிருத்தல் வேண்டும். பாறைக்கு இருபது பாக தூரத்திலே, அலை படகைக் கல்லை நோக்கித் தள்ளும் வேளையிலே, திருகாணி எங்கே என்று தேடுதல் ஆகாது. நங்கூரம் எப்போதும் கைக்கெட்டும் இடத்திலே, கயிறு சிக்கலின்றி இருக்கவேண்டும்.

இக்காரணங்களாலேயே அறிந்தவர்கள் ஜெட் படகின் பின்பலகையிலே சிறிய வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றையும் பொருத்துகின்றனர். எட்டுப் பத்துக் குதிரை வலுப் போதும். அதற்குத் தனித் தாங்கி, தனிப் பெற்றோல். ஜெட் விசை, வேகத்திலே சிறந்தது. மெதுவாகச் செல்லும்போது படகின் தலை நாற்புறமும் அலையும், எரிபொருளும் வீணாகும். சாமனைக் கவர இரையை இழுத்துச் செல்லுகையிலே மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகமே தேவை. அவ்வேளை சிற்றியந்திரம் வேலை செய்யும், பேரியந்திரம் மௌனமாயிருக்கும். பேரியந்திரம் கைவிட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் சிற்றியந்திரமே.

எரிபொருட் கணக்கும் ஆற்றுக் கணக்கு அன்று. வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றிலே சுழல்விசிறியை நீக்கி ஜெட் அலகைப் பொருத்தினால், அதன் வலுவிலே ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகின்றது. உள்ளிணைப்பு ஜெட்டும் அதே வேகத்துக்கு அதிக பெற்றோல் குடிப்பதே. ஆற்றிலே பெற்றோல் தீர்ந்தால் ஓட்டத்துடன் கீழே மிதந்து வரலாம். கடலிலே ஓட்டம் வீட்டுக்குக் கொண்டுவராது. ஆகவே போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு, எதிர்பாராததற்கு மூன்றில் ஒரு பங்கு என்று வகுப்பது பழைய மாலுமிகளின் வழக்கம். குடும்பச் செலவுக்கும் பொருந்தும் கணக்கு அது என்று இல்லத்தரசியர் சொல்லக்கூடும்.

படகின் உடலும் கவனத்துக்குரியது. ஆற்றுக்கெனச் செய்த படகின் அடி தட்டையானது. ஆழமற்ற நீரிலே ஓட அஃது அவசியம். அதே தட்டையான அடி கடலலையிலே பலகையால் அறைவதுபோல் அறையும். ஆட்களின் முதுகெலும்பு அதைத் தாங்காது. அடி கூர்ந்து, பக்கங்கள் உயர்ந்து, முன்புறம் மூடியமைந்த உடலே அலையைப் பிளந்து செல்லும். அத்தகைய உடல் ஆற்றிலே சற்று அதிக ஆழம் கேட்கும். இரண்டு உலகத்தையும் ஒருசேர ஆள முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை வாங்கும்போதே தீர்மானித்தல் வேண்டும்.

இரசாயனம் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே ஒரு பாடம். உப்புநீரிலே இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் ஒன்று உருவாகும். அவற்றுள் தாக்குதிறன் மிகுந்தது கரையும். அலுமினிய உடலும் துருவேறாத உருக்குச் சுழலியும் சேர்ந்த ஜெட் படகிலே கரைவது அலுமினியம். இதைத் தடுக்க, நாகத்தாலோ தனிவகை அலுமினியக் கலப்பாலோ ஆன கட்டியை உடலிலே பொருத்துவர். அது தான் கரைந்து படகைக் காக்கும். வீட்டுக்காகத் தேயும் மூத்த மகனைப் போல. நன்னீரிலே இவ்வேலைக்கு மக்னீசியக் கட்டி உகந்தது; உப்புநீரிலோ அது மிக விரைவிலே கரைந்துவிடும். ஆற்றிலிருந்து கடலுக்கு மாறுபவன் கட்டியையும் மாற்றவேண்டும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் இயந்திரக் குழாய்களையும் ஜெட் அலகையும் நன்னீரால் கழுவுதல் வேண்டும்.

குளிரும் மூடுபனியும்

நம் நாட்டுக் கடலிலே விழுந்தவன் நெடுநேரம் நீந்தலாம். ஒறிகன் கரையிலே கோடையிலும் நீர் ஏறக்குறைய 10 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பமே உடையது. மீனைப் பெருக்கும் அதே குளிர்நீர் மனிதனைக் கொல்லும். மிகக் குளிர்ந்த நீரைப் பற்றி அங்கே கற்பிக்கும் விதி ஒன்று: முதல் 1 நிமிடத்திலே மூச்சு அடங்காது; சுமார் 10 நிமிடத்திலே கைகால் சொற்கேளா; சுமார் 1 மணி நேரத்திலே நினைவு தவறும். முதல் நிமிடத்திலே திணறும் மூச்சு நீரை உள்ளிழுத்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமே இல்லை. எனவே உயிர்காப்புச் சட்டை இருக்கைக்கு அடியிலே இருத்தல் போதாது. உடலிலே இருத்தல் வேண்டும். நீரில் விழுந்தபின் அதை அணிவது, மழையில் நனைந்தபின் குடை வாங்குவதை ஒக்கும்.

காற்றுக்கும் ஒரு நேர ஒழுங்கு உண்டு. நம் கரைகளிலே வாடையும் சோளகமும் கடற்றொழிலின் நாட்காட்டியை வகுப்பதுபோல, அங்கே கோடையிலே காலை அமைதியாகவும் பிற்பகல் வடமேற்குக் காற்று மிகுந்தும் இருப்பது வழக்கம். விடியலிலே புறப்பட்டு நண்பகலுக்குள் மீள்பவர்களே அறிவாளிகள். கடலிலே மிதக்கும் அளவைக் கருவிகள் அலையின் உயரத்தையும், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வினாடிகளையும் கணித்து அறிவிக்கின்றன. உயரத்தின் அடிக்கணக்கு வினாடிக் கணக்கை நெருங்கினாற் சிறுபடகு வீட்டிலேயே நிற்கட்டும் என்பது பலர் கைக்கொள்ளும் அளவுகோல். ஆறடி அலை பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை வந்தாற் படகு மெல்ல ஏறி இறங்கும். அதே ஆறடி ஆறு வினாடிக்கு ஒருமுறை வந்தாற் படகு அடிவாங்கும். காற்றில்லாத காலையிலும் மூடுபனி திடீரெனக் கவிவதுண்டு. திசையறி கருவியும் 16ஆம் அலைவரிசையிலே உதவி கோரும் வானொலியும் இல்லாமற் போகலாகாது.

பாட்டியின் வயதுள்ள மீன்

இத்தனை முன்னேற்பாட்டுடன் சென்றவன் தூண்டிலை இறக்குகின்றான். அங்கேயும் அவனுக்கு ஒரு கடமை காத்திருக்கின்றது. பாறை மீனின் உடலினுள் மூடிய காற்றுப்பை ஒன்று உண்டு. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுமென்பதை மாணவர் அறிவர். 50 மீற்றர் ஆழத்திலிருந்து மீனை மேலே இழுத்தால், போயிலின் விதிப்படி அப்பையிலுள்ள வாயு ஆறு மடங்காக விரிய முனையும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளும். பிடிக்கக் கூடாத மீன் என்று அதைத் திரும்ப நீரிலே விட்டாலும், அது கீழிறங்க இயலாமல் மேலேயே மிதந்து கடற்பறவைக்கு இரையாகும்.

இதற்கும் பரிகாரம் கண்டிருக்கின்றனர். பாரம் கட்டிய கவ்வியொன்றிலே மீனின் தாடையைப் பிடித்து, அதை வந்த ஆழத்துக்கே இறக்கி விடுவித்தாற் பை மறுபடி சுருங்கும். மீன் நீந்திச் செல்லும். ஒறிகனிலே அடித்தள மீன் பிடிக்கும் படகுகள் இத்தகைய கருவியை வைத்திருக்கவேண்டுமென்று 2017 முதல் விதி உண்டு. மஞ்சட்கண் பாறை மீன் என்னும் செந்நிற இனம் நூறு ஆண்டுக்கு மேலும் வாழவல்லது. அஃது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிவிட்டதென 2002இல் அறிவிக்கப்பட்டது. நம் பூட்டன் காலத்திலே பிறந்த மீன் ஒன்று தூண்டிலிலே வருகின்றது என்று எண்ணுங்கள். அதை இழந்தால் அடுத்த பருவத்திலே ஈடாகாது. அடுத்த தலைமுறையிலும் ஈடாவது ஐயமே. தன் உயிரைக் காக்க இத்தனை கருவி ஏற்றிச் சென்றவன், இன்னோர் உயிருக்காக ஒரு பாரக்கல்லையும் கயிற்றையும் ஏற்றிச் செல்லுதல் பெரிய காரியம் அன்று.

கரையிலே இருக்கும் கடிதம்

எல்லாவற்றிலும் மலிவான காப்பு ஒரு துண்டுக் காகிதம். எத்தனை பேர் போகிறோம், எந்தத் துறையிலிருந்து, எத்திசையில், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், இன்ன மணியைக் கடந்தும் செய்தி இல்லையேல் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று எழுதி வீட்டிலே கொடுத்துவிட்டுப் போதல். அக்காகிதத்தைப் பெற்றவர் மனைவியோ, தாயாரோ, மூத்த மகளோ, அந்நாளின் பயணத்திலே அவரும் ஒரு மாலுமி. கடலிலே இருப்பவன் அலையைப் பார்த்திருக்க, அவர் மணிக்கூட்டைப் பார்த்திருப்பார். நேரம் தவறியதும் தயங்காமல் அறிவிக்கும் துணிவு அவருக்கு வேண்டும். "வீணாக ஊரைக் கூட்டிவிட்டாயே" என்று பின்னர் கடிந்துகொள்ளாத பண்பு திரும்பி வருபவனுக்கு வேண்டும்.

கோல்ட் பீச்சிலே 1881இல் கட்டப்பட்ட மேரி டி. ஹியூம் என்னும் கப்பல், வட கடல்களிலே திமிங்கிலம் தேடியும் பிற்காலத்திலே இழுவைக் கப்பலாகவும் 1978வரை உழைத்தது. ஓய்வு பெற்றுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்தபின், 1985இல் துறையிலேயே அமிழ்ந்தது. ஏறக்குறைய நூறாண்டு கடலிலே பிழைத்தது நற்செயலால் மட்டுமன்று. கடலுக்கு ஏற்ற உடலும், வாயிலை அறிந்த கைகளும், பொறுத்திருக்கத் தெரிந்த தலைவர்களும் அதற்கு வாய்த்தமையாலேயே எனலாம்.

ஆகவே கேட்ட கேள்விக்கு விடை இது: கணவாய்ப் படகு கடலுக்குப் போகலாம். கூர்ந்த அடியும், இரண்டாம் இயந்திரமும், மூன்றில் ஒரு பங்கு மிகுதிப் பெற்றோலும், உடலிலே அணிந்த சட்டையும், வீட்டிலே வைத்த காகிதமும் இருந்தாற் போகலாம். இவை யாவும் இருந்தும், வாயிலிலே அலை வெண்ணுரையாய் உடைவதைக் கண்டால், பெற்றோலும் விடுமுறையும் வீணாயின என்று வருந்தாமல் படகைத் திருப்பத் தெரிந்தாற் போகலாம். நாட்கணக்காக ஆயத்தம் செய்து, நண்பர்களையும் அழைத்து வந்து, அவர்கள் முன்னிலையிலே "இன்று வேண்டாம்" என்று சொல்வதற்கு அலையைக் கடப்பதினும் அதிக துணிவு வேண்டும். அத்துணிவை எந்தப் பட்டறையிலும் பொருத்திக்கொள்ள இயலாது; பிள்ளைப் பருவத்திலேயே வீட்டிலே பழகவேண்டும்.

மாணவர்களே, நீங்கள் நாளை ஓட்டப்போவது ஜெட் படகாயில்லாமல் மோட்டார் சைக்கிளாயிருக்கலாம், தொழிலாயிருக்கலாம், ஒரு குடும்பமாகவும் இருக்கலாம். உங்கள் கையிலுள்ள கருவி எந்த நீருக்கெனச் செய்யப்பட்டது என்று முதலிலே கேளுங்கள். வேறு நீருக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், என்ன மாற்றவேண்டும் என்று இரண்டாவதாகக் கேளுங்கள். எப்போது திரும்பவேண்டும் என்பதைப் புறப்படுமுன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடலிலே மீன் நாளையும் இருக்கும். அதைப் பிடிக்க நாமும் நாளை இருத்தல் வேண்டும்.